வடக்குக் கூடத்துக் குறிப்புகள்

ஜூன் 3
காலையில் அட்டைப்பெட்டியோடு காப்பக வாசலில் கிடந்த மூன்று நாய்க்குட்டிகளில் ஒன்று மாலைக்குள் இறந்துவிட்டது. பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடும் அழுத்தமாக விழுந்தது. பார்வோதான், குட்டிகளின் குடலைத் தாக்கும் கொடிய தொற்றுநோய்.

ஜூன் 4
14 நாட்களுக்குப் புதிதாக எந்த நாயையும் சேர்ப்பதில்லை, இங்கிருந்து எதையும் தத்துக்கு அனுப்புவதுமில்லை என்று முடிவாயிற்று. தொலைபேசியில் இருவரிடம் இடமில்லை என்று சொன்னேன். இரண்டாமவர் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். அந்த நாய் இன்றிரவு எங்கே படுத்திருக்கும் என்ற நினைப்பு என்னை விடவில்லை.

ஜூன் 5
நேற்று முன்தினம் இறந்த குட்டியைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்ற பிறகு, வடக்குக் கூடத்துக்குள் நுழையும் முன் செருப்பை மாற்றினேனா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. கையுறையைக் கழற்றியதும் கை கழுவியதும் நன்றாக நினைவிருக்கிறது, செருப்பு மட்டும் நினைவுக்கு வரவே மாட்டேன் என்கிறது. அந்தக் கூடத்தில் எட்டு வார வயதில் ஐந்து குட்டிகள் இருக்கின்றன. முதல் தடுப்பூசி ஜூன் 1 அன்றுதான் போடப்பட்டது, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறுக்கே நின்றால் அந்த ஒரு ஊசி பலிக்காமலும் போகலாம் என்பதால்தான் 16 வாரம் வரை மீண்டும் மீண்டும் போடுகிறோம். பினாயிலுக்கு இந்தக் கிருமி மசியாது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எனவே கூடம் முழுவதையும் முதலில் சோப்பு நீரால் அழுக்குப் போகத் தேய்த்துவிட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் காயாமல் பார்த்துக்கொண்டேன். தரையைக் கழுவிவிட்டேன் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு முன்பே இரண்டு நாட்கள் கடந்துவிட்டன.

ஜூன் 6
பெரியவர் என்று நாங்கள் கூப்பிடும் வயதான நாய் இன்றும் சாப்பிடவில்லை.

ஜூன் 7
ஐந்து குட்டிகளுக்கும் எடை பார்த்தேன். பழுப்புக் குட்டி 2 கிலோ 140 கிராம். எல்லாம் ஏறுமுகம்.

ஜூன் 8
பெட்டியில் வந்த மற்ற இரண்டில் வெள்ளைக் குட்டியும் விடியற்காலையில் போய்விட்டது. மிஞ்சியிருக்கும் கறுப்பனுக்கு முன்னங்காலில் ஊசி குத்தி சலைன் ஏறிக்கொண்டிருக்கிறது. தோள்பட்டைத் தோலைக் கிள்ளிவிட்டால் அது மடிந்தபடியே நின்று, பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. ஈறு வெளுத்திருக்கிறது. மாலையில் நான் குழாயைச் சரிசெய்தபோது வாலின் நுனி மட்டும் ஒருமுறை அசைந்தது.

பெரியவரின் கழுத்துத் தோலுக்கடியில் உரிமையாளரைக் கண்டறிய உதவும் மின்னணுச் சில்லு இருக்கிறது, அதன் 15 இலக்க எண்ணும் கருவியில் தெளிவாகவே தெரிகிறது. அந்த எண்ணுக்குப் பதிவாகியிருக்கும் தொலைபேசியில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. அவரோ வாசல் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறார். இன்று எட்டு முறை எழுந்தார்.

ஜூன் 9
எடை பார்த்தேன். பழுப்புக் குட்டி 2 கிலோ 190. அன்று செருப்பை மாற்றியிருப்பேன் என்றே தோன்றுகிறது.

ஜூன் 10
ஏழாவது நாள். கிருமி உடலில் நுழைந்து பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு நாட்களுக்குள் நோய் தெரிந்துவிடும் என்பதால் இந்த நாளைத் தாண்டினால் போதும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் பழுப்புக் குட்டி கிண்ணத்தில் பாதியை மிச்சம் வைத்துவிட்டது. வாந்தி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. அட்டையில் இரண்டாவது கோடு இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாத அளவுக்கு மங்கலாக விழுந்தது. தடுப்பூசி போட்ட சில நாட்களுக்கு அதனாலேயே இப்படி மங்கலாகத் தெரிவதுண்டு என்றும், இரத்தத்தில் வெள்ளணுக்களை எண்ணிப் பார்த்தால்தான் விளங்கும் என்றும் மருத்துவர் சொன்னார். குட்டியைத் தனியறைக்கு மாற்றினோம். மற்ற நான்கும் கதவருகே வந்து முனகிக்கொண்டிருந்தன.

ஜூன் 11
கறுப்பன் தானாக எழுந்து தண்ணீர் குடித்தான்! பெரியவர் என் உள்ளங்கையிலிருந்து மூன்று வாய் சாப்பிட்டார், கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. பழுப்புக் குட்டியின் இரத்த முடிவு நாளை வரும்.

ஜூன் 12
பழுப்புக் குட்டி 2 கிலோ 60.