ஆடி மாதத்துக் காலி வீடுகள்

ஆடி பிறந்தால் கல்யாண ஆல்பம் போடுகிறவர்களுக்கு வேலை கிடையாது. என் கேமராவும் பீரோவுக்குள் போய்விடும். அதே ஆடியில் சென்னையில் காலியான வீட்டுக்குப் பால் காய்ச்ச யாரும் வரமாட்டார்கள். ‘டு லெட்’ பலகை தொங்கத் தொங்க வீடு ஒரு மாதம் சும்மா கிடக்கும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு நாலு வருஷம் பிடித்தது.

கல்யாணம், வளைகாப்பு, குழந்தைப் படங்களுக்கு நடுவே வருஷத்துக்கு ஐந்தாறு பேர் வேறொரு வேலைக்காக என்னிடம் வருவார்கள். மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து, தழும்போடு தன்னை ஒருமுறை படமாகப் பார்க்க நினைத்தவர். முதுகுத் தசை எப்படி மடங்குகிறது என்று பார்க்க விரும்பிய நடனக்காரர். ஐம்பது வயது நிறைந்ததற்குத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் பரிசு என்று சொன்ன வங்கி அதிகாரி. உடையில்லாத படங்கள். வருகிறவர்கள் எல்லோரும் பெண்கள்தான். அடையாள அட்டையில் வயதைப் பார்க்காமல் நான் கேமராவைத் தொடுவதில்லை.

இந்தப் படங்களுக்கு இடம் தேடினேன். ஸ்டூடியோவில் மணிக்கு 1,200 ரூபாய், குறைந்தது நாலு மணி நேரம் என்றார்கள். பணத்தைக்கூடப் புரட்டிவிடலாம். ஆனால் லைட் பையன் உண்டு, டீ கொண்டுவருகிறவர் உண்டு, ‘ஒரு ஸ்டாண்டு எடுத்துக்கிறேன்’ என்று கதவைத் தள்ளுகிறவர் உண்டு. லாட்ஜுக்குப் போனால் டிரைபாடைப் பார்த்ததுமே ரிசப்ஷனில் “ஷூட்டிங்கா மேடம்?” என்பார்கள். உண்மையைச் சொன்னால் ரூம் கிடைக்காது. பொய் சொல்லி உள்ளே போனால், துண்டு மாற்ற வருகிறவர் கதவைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போடும். அந்த அதிர்ச்சி தோளில் தெரியும். படத்திலும் தெரியும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பண்ணை வீடு எடுத்தோம். ‘குடும்ப போட்டோ’ என்றுதான் சொல்லியிருந்தேன். நடனக்காரர் துப்பட்டாவைக்கூட எடுக்கவில்லை, ஹாலின் மூலையில் புகை அலாரம் மாதிரி இருந்த ஒன்றின் நடுவில் கண்ணாடி பளிச்சிட்டது. வீட்டுக்காரருக்குப் போன் செய்தால், “அது திருட்டுக்காகங்க, நாங்க யாரும் பாக்கறதில்ல” என்றார். முன்பணத்தை விட்டுவிட்டுக் கிளம்பினோம். புகார் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. பொய் சொல்லிப் போனவள் என்ற கூச்சம் என் வாயை அடைத்துவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

திறந்தவெளி இலவசம்தானே என்று கேட்பார்கள். 2020 நவம்பரில் கோவாவின் சாபோலி அணையில் ஆபாச வீடியோ எடுத்ததாக மும்பை நடிகை ஒருவர் கைதானார். 2014இல் உச்ச நீதிமன்றம், நிர்வாணப் படம் என்பதாலேயே அது ஆபாசமாகிவிடாது என்று தெளிவாகச் சொன்னது. அது படத்தைப் பற்றிய பேச்சு. பொது இடத்தில் எடுக்கும்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவு வந்து நிற்கும். மூன்று மாதம் வரை சிறை. சட்டத்தை விடுங்கள், விடிகாலைக் கடற்கரையில் வலை இழுக்க வருகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

எனக்கு வழி காட்டியது ஓர் அக்கா. எழும்பூர்ப் பக்கம் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியில் (1850இல் தொடங்கிய பள்ளி அது) மாணவர்கள் வரைய மாடலாக நின்றவர். லைட், ஜன்னல் என்று நான் அளந்துகொண்டிருந்தபோது அவர் கேட்டது வேறு.

“துணி மாத்த எடம் எங்க இருக்கு?”

“இங்கதான்... நான் திரும்பிக்கறேன்க்கா.”

“அப்படி இல்லம்மா. துணியில்லாம நிக்கறது வேலை. கழட்டறது வேலை இல்ல, அத யாரும் பாக்கக் கூடாது. தனி ரூமு வேணும், உள்தாப்பா வேணும், உக்கார ஒரு நாற்காலி வேணும். தரை சில்லுனு இருந்தா ஒரு பாய் போடு.”

அதற்குப் பிறகு இடம் பார்க்கப் போனால் நான் முதலில் தாழ்ப்பாளைத்தான் ஆட்டிப் பார்க்கிறேன்.

காலி வீடு கிடைத்தது திருவல்லிக்கேணியில். சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கீழ்வீட்டில் குடியிருந்தார். இந்தத் தடவை பொய் சொல்வதில்லை என்று முடிவுசெய்து, படியேறும்போது ஒத்திகை பார்த்த வாக்கியங்களை எல்லாம் மறந்துபோய், “துணியில்லாம எடுக்கற படம் டீச்சர், பொம்பளைங்க மட்டும்தான்” என்று உளறினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: “அந்தப் பொண்ணுக்குச் சம்மதமா?” சம்மதம் என்றேன். “புரோக்கர்கிட்ட ஒரு சாவி இருக்கு. அத வாங்கி வச்சிடறேன்.” எனக்குத் தோன்றாத விஷயம் அது. சுவர் எத்தனை கனம் என்று பார்ப்பேனே தவிர, சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டதில்லை. ஒரு நாளுக்கு 800 ரூபாயும் கரண்ட் பில்லும் பேசிக்கொண்டோம்.

அறை பத்துக்குப் பன்னிரண்டு. 85 எம்எம் லென்ஸில் நிற்கிற ஆளை முழுதாகப் பிடிக்கப் பதினைந்தடிக்கு மேல் தள்ளிப்போக வேண்டும், அதாவது பக்கத்து வீட்டு அடுப்படிக்கு. 50இல் ஒன்பதடி போதும், முதுகு சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிரிட்டிஷ் புகைப்படக்காரர் பில் பிராண்ட் இதே நெருக்கடியை வேறு மாதிரி தீர்த்தார். போலீசார் குற்றம் நடந்த அறைகளைப் படமெடுக்க வைத்திருந்த ரகத்தில் ஒரு பழைய அகலக்கோணக் கேமராவை வாங்கி, 1945 முதல் லண்டன் அறைகளுக்குள்ளேயே உடல்களை எடுத்தார். கை கால் எல்லாம் நீண்டு விசித்திரமாக வரும். தழும்பைப் பார்க்க வந்தவரிடம் அந்த விளையாட்டு வேண்டாம் என்று நான் 50க்கே திரும்பிவிட்டேன்.

வெளிச்சத்துக்கு வடக்கு ஜன்னல் என்று புத்தகங்கள் சொல்லும். அது ஐரோப்பாவுக்குச் சரி. ஆடியில் சென்னைக்குச் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. காலையில் வடக்கு ஜன்னலிலேயே வெயில் எட்டிப் பார்க்கும். அப்போது தெற்கு ஜன்னல்தான் மெத்தென்று வெளிச்சம் தரும். மார்கழியில் கணக்கு தலைகீழ். டீச்சர் வீட்டுத் தெற்கு ஜன்னலில் பழைய மங்கல் கண்ணாடி. திரையே வேண்டாம். எதிர் மொட்டை மாடியில் வடகம் காயவைப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை, தட்டினால் கீழே விழும், அவ்வளவுதான் உபகரணம். வெளிச்சம் மங்கியதும் மூட்டை கட்டிவிடுவோம், உள்ளே விளக்குப் போட்டால் நிழல் வெளியே விழும். இடுப்பு எலாஸ்டிக் தடம் மறைய ஒரு மணி நேரமாவது ஆகும். ஆகவே வரும்போதே தொளதொள நைட்டியில் வரச் சொல்வேன். கூட ஒரு தோழி வரலாம்.

தாளில் ஒரு விஷயத்தைத் தனியாக எழுதிக் கையெழுத்து வாங்குவேன்: எடுக்கச் சம்மதம் வேறு, காட்டச் சம்மதம் வேறு. அதே சன்ஹிதாவின் 77ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. எடுக்கச் சம்மதித்தவரின் படத்தை, காட்டச் சம்மதிக்காதபோது பரப்பினால் குற்றம். என் போன் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கும். கேமராவின் மெமரி கார்டை அவர் கண்ணெதிரே காலி செய்வேன்.

அறுவை சிகிச்சை முடிந்தவரை எடுத்த அன்று டீச்சர் மாடிப்படியின் கடைசிப் படியில் முறத்தோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு கட்டுக் கீரை. வீடு பார்க்க வந்த இருவரைக் கீழேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஆவணியில் அங்கே குடித்தனம் வந்துவிட்டது. போன வாரம் டீச்சர் போன் செய்தார். “மார்கழியில பின் போர்ஷன் காலியாகுதும்மா. ஜன்னலுக்கெல்லாம் புதுக் கண்ணாடி போடலாம்னு கார்ப்பெண்டர் சொல்றான். வடக்கு ஜன்னல்ல பழசையே விட்டுவைக்கவா?”