கச்சதீவில் அம்மாவின் நேர்த்தி

அம்மா வைத்த நேர்த்தியை இந்தத் தவக்காலத்தில் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் நிறைவேற்றிவிட்டோம். கோடி அற்புதரே, பதுவைப் பதியரான அந்தோனியாரே, முதலில் உமக்குத் தோத்திரம். மிச்சம் எல்லாம் பிறகு.

1983 தொடக்கத்தில் வைத்த நேர்த்தி அது. யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து தம்பி தொழிலுக்குப் போன படகின் எஞ்சின் நின்று, வாடைக்காற்று படகை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஊரில் எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள். அம்மா மட்டும் சுரூபத்தின் முன் முழந்தாளில் நின்று, "அந்தோனியாரே, என்ர பிள்ளையைக் கரை சேர்த்துவிடும். கச்சதீவில் உம்முடைய சுரூபத்தைச் சுமக்கிற கூட்டுக்கு அவன் தோள் கொடுப்பான்" என்று சொல்லிவிட்டு எழும்பினார். ராமேஸ்வரத்துப் படகுக்காரர் சிலர் அவனைக் கண்டு, கயிறு கட்டி இழுத்து, தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினார்கள். தம்பி உயிரோடு வந்தான். அவன் உடம்பு தேறுமுன்பே அந்த வருடத் திருவிழா முடிந்துவிட்டது. அடுத்த வருடத்துக்குள் போர் தொடங்கி நாடே வேறாகிவிட்டது. கடலுக்குப் போகத் தடை வந்தது, தீவுத் திருவிழாவும் நின்றது. தம்பி பிரான்சுக்குப் போனான். 1993 நவம்பரில் எங்கள் யாகப்பர் கோயிலில் குண்டு விழுந்தது. 1995 இடப்பெயர்வில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்ட அம்மா திரும்பி வரவில்லை. வன்னி மண்ணில்தான் அவரை அடக்கம் செய்தோம். கடைசி வரைக்கும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அவன் வந்தால் கச்சதீவுக்குக் கூட்டிக்கொண்டு போ."

அம்மாவை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய கண்டிப்பு. மாலை ஆறு மணிக்குத் திரிகால மணி அடித்தால், ஒழுங்கையில் விளையாடுகிற பிள்ளை எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். செபம் முடித்துத்தான் வீட்டுக்கு ஓடலாம். கை கால் கழுவினதும் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை. பாய் கிடையாது, வெறும் சீமெந்துத் தரையில் முழந்தாள். நித்திரை தூங்கினால் தலையில் குட்டு விழும், அந்தக் காரணிக்கம், பத்து மணியும், முதலிலிருந்து தொடங்கும். பிரார்த்தனை முடிந்து, பெரியவர்களுக்குத் தோத்திரம் சொன்ன பிறகே சாப்பாடு. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்துவிட்டால் ஒரு நேரம் மட்டும் சாப்பிடும் ஒருசந்தியும், இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனமும். வெள்ளிக்கிழமைகளில் மீன்கூடச் சமைக்க மாட்டார். மீன் பிடித்துச் சீவிக்கிற வீட்டில், அப்பா கொண்டுவரும் பாரையும் விளைமீனும் முழுக்கச் சந்தைக்குப் போய்விடும். இரவில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, யேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பார்கள். யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதியதை எங்கள் ஒழுங்கையில் எழுத்துக் கூட்டத் தெரியாத கிழவிகள்கூட மனப்பாடமாகச் சொல்லி அழுதார்கள். அவர்களோடு இருந்து நானும் அழுதேன்.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். கன்னியர் மடப் பாடசாலை. இரட்டைப் பின்னல், வெள்ளை உடுப்பு, கால் முட்டுக்கு மேலே போகாத சட்டை. திங்கட்கிழமை காலை வகுப்புக்கு வந்ததும் மதர் கேட்கிற முதல் கேள்வி, நேற்றுப் பூசையில் சுவாமியார் என்ன நிற உடுப்புப் போட்டிருந்தார் என்பது. பச்சையா, ஊதாவா என்று தடுமாறினால் கையை நீட்ட வேண்டும், அடிமட்டம் விழும். ஞானோபதேசம் கேள்வியும் மறுமொழியுமாக, ஒரு சொல் பிசகாமல் வர வேண்டும். மாத முதல் வெள்ளிக்கு முதல் நாள் வரிசையாகப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். சொல்லப் பாவம் இல்லையே என்று பயந்து அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளின் மனதில் இவ்வளவு பயத்தை வைத்திருக்கத் தேவையில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த மதர்தான் மழை நாளில் என் தலையைத் தன் துவாயால் துவட்டிவிட்டவர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். தம்பி லீவில் வந்திறங்கின கையோடு வெளிக்கிட்டோம். வெள்ளண, இருட்டோடு பஸ். பண்ணைப் பாலம் தாண்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் போய்ச் சேரும்போது இறங்குதுறையில் தலைகள்தான் தெரிந்தன. வரிசை என்று ஒன்று பேருக்குத்தான். காசு கொடுத்தால் முன்னால் ஏற்றிவிடுகிறேன் என்று ஒருவர் சனத்துக்குள் புகுந்து திரிந்தார். அந்தோனியாரிடம் போகிற வழியிலுமா இந்த வியாபாரம்! கைப்பிள்ளைக்காரிகள் வெயிலில் நிற்க, காசு கொடுத்தவர்கள் படகில் இருந்தார்கள். பைகளைக் கடற்படை சோதித்து விட்டபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடல். நெடுந்தீவு கடந்ததும் அலை தூக்கிப் போட்டது. நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து சத்தி எடுத்துக்கொண்டே வந்தேன். கடலில் பிறந்து வளர்ந்த தம்பி ஒரு வார்த்தையும் பேசவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், அவன் கை என் கையைப் பிடித்தது.

தீவில் குடிக்கத் தண்ணீர் இல்லை, குடியிருப்பவரும் இல்லை. 285 ஏக்கர் மணலும் பற்றையும்தான். நம்புதாளை சீனிக்குப்பன் படையாச்சி கட்டியதாகச் சொல்லும் பழைய சின்னக் கோயிலைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது 2016இல் திறந்த புதுக்கோயில் நிற்கிறது. போத்தல் தண்ணீருக்குச் சிலர் கேட்ட விலை அநியாயம். போகிறவர்கள் தண்ணீரும் ஒரு போர்வையும் கட்டாயம் கொண்டுபோங்கள், இரவுக் குளிர் எலும்பைத் தொடும்.

கொடியேற்றம் முடிந்து சிலுவைப்பாதை தொடங்கியது. ஒவ்வொரு தலத்திலும் அந்த மணலில் முழந்தாளிட்டோம். எனக்குப் பக்கத்தில் ராமேஸ்வரத்திலிருந்து வந்த பெண்கள், வயது என்னுடையதுதான் இருக்கும். கையில் இருந்த புத்தகத்தில் செபம் புதிய தமிழில் இருந்தது. அவர்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று பழைய செபம் எல்லார் வாயிலும் தானாக வந்தது. சீமெந்துத் தரையில் அம்மா குட்டிக் குட்டிச் சொல்லித் தந்த செபம். அவர்களுக்கும் யாரோ ஒரு அம்மா அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே சொல், ஒரே இழுவை, ஒரே இடத்தில் மூச்சு. தலத்தின் முடிவில் மரித்த விசுவாசிகளின் ஆத்துமங்களுக்கு இளைப்பாற்றி கேட்கிற வரி வந்தபோது என் தொண்டை அடைத்துவிட்டது. அம்மாவுக்காக அந்த வரியை எத்தனையோ பூசைகளில் சொல்லியிருக்கிறேன், அன்றுதான் அம்மா அதைக் கேட்டார் என்று தோன்றியது. பக்கத்துப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. என் பங்குக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னார்.

பிறகு சுரூபப் பவனி. கூட்டைச் சுற்றி இளந்தாரிகள், நெருங்க வழி இல்லை. போன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பவர்களின் தள்ளுமுள்ளு வேறு. செபிக்க வந்த இடத்தில் அந்தோனியாரைக் கண்ணால் பார்க்காமல் திரையில் பார்க்கிறார்கள், அது எனக்கு மனவருத்தம். தம்பி ஒதுங்கி நின்றான். நான்தான் ஒரு பெடியனைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். "அம்மா வைச்ச நேர்த்தி தம்பி, அவ இப்ப இல்லை." அந்தப் பிள்ளை மறுவார்த்தை பேசவில்லை. "ஐயா, வாங்கோ" என்று தன் இடத்தை விட்டு விலகி, தம்பியின் தோளைக் கூட்டுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தான். மெழுகுதிரி வெளிச்சத்தில் குழந்தை யேசுவை ஏந்திய அந்தோனியார் தம்பியின் நரைத்த தலைக்கு மேலே நின்றார். அவனை அழுது நான் கண்டதே இல்லை. அன்றைக்கு அழுதுகொண்டே சுமந்தான். முன்னால் தோள் கொடுத்தவர் ராமேஸ்வரத்துக்காரர் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தோனியாரே, இதை நீர் அல்லாமல் யார் ஒழுங்குபடுத்தியிருக்க முடியும்?

காலைப் பூசையில் என்ன பிரசங்கம் என்று எனக்கு நினைவில்லை. நன்றி, நன்றி என்பதைத் தவிர மனதில் எதுவும் இல்லை. தம்பியைக் காப்பாற்றினீரே, அதற்கு நன்றி. இழுத்து வந்த அந்தப் பேர் தெரியாத கைகளுக்கு நன்றி. எங்களை முழந்தாளில் வைத்த அம்மாவைத் தந்தீரே, அதற்கும்.

திரும்பிப் போன தம்பி ஒரு வேலை சொல்லியிருக்கிறான். பாரிசில் இருக்கும் அவன் பேத்திக்குத் தமிழில் செபம் தெரியாது. இரவில் போனில் அவளோடு இருக்கிறேன். குட்டு இல்லை, கால் நோகும் என்றால் கதிரையில் இருந்தே சொல்லட்டும். 'அருள் நிறைந்த மரியாயே' பிசகாமல் வருகிறது. இந்தக் கிழமை மாதாவிடம் மன்றாடும் கிருபைதயாபத்து மந்திரம் தொடங்கியிருக்கிறோம்.