‘ரிங் ஆஃப் ஃபயர்’ பாட்டைத் தேர்வுக்கு எடுப்பவர்களுக்கு

இசை வரலாற்றுத் தாளில் ஒரே ஒரு பாட்டை எடுத்து, அது உருவான விதத்தைக் கட்டுரையாக எழுதி, அப்புறம் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதையே பேச வேண்டும் அல்லவா, அதற்கு நான் எடுத்தது அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் பாடிய ‘ரிங் ஆஃப் ஃபயர்’ (தீ வளையம்). கன்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்கக் கிராமிய இசையிலிருந்து வந்த பாட்டு, எடுக்கலாமா என்று இந்த வருடம் சிலர் கேட்டார்கள். தாராளமாக எடுங்கள். ஆனால் கேஷ், பாடகி ஜூன் கார்ட்டர் காதல் கதையைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். கதை சுவாரசியமானதுதான், அதனாலேயே எல்லோரும் அதை மட்டும் எழுதிவிட்டு, பாட்டைப் பற்றி ஒரு பத்தியோடு முடித்துவிடுகிறார்கள்.

முதலில் கேஷின் பதிவை மூடிவைத்துவிட்டு அனிட்டா கார்ட்டர் பாடியதைக் கேளுங்கள். பாட்டை எழுதியவர்களாக இருக்கும் பெயர்கள் ஜூன் கார்ட்டர், மெர்ல் கில்கோர். ஜூனின் தங்கை அனிட்டாதான் 1962-ல் இதை முதலில் பதிவு செய்தவர். டிரம்பெட் கிடையாது, நாட்டுப்புறப் பாட்டு மாதிரி நிதானமாகப் போகும். ஆகாது என்று தெரிந்தும் ஒருவர் மேல் மனம் போய்விட்ட பெண்ணின் குரல் அதில் ஒளிவுமறைவு இல்லாமல் கேட்கிறது. என் காதுக்கு அதுதான் பயமான பாட்டு.

அப்புறம் கேஷ். 1963 மார்ச் 25-ல் நாஷ்வில்லில், கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவானது. மரியாச்சி எனப்படும் மெக்சிகோ வாத்தியக் குழுப் பாணி டிரம்பெட்டுகளோடு இந்தப் பாட்டைக் கனவில் கேட்டதாகக் கேஷ் சொல்லியிருக்கிறார். கனவைச் சோதிக்க வழியில்லை, ஆனால் டிரம்பெட் ஏற்பாட்டில் இசைத் தயாரிப்பாளர் ஜாக் கிளெமென்ட் உதவினார் என்பதைக் கட்டுரையில் தாராளமாக எழுதலாம், பலர் அவரை விட்டுவிடுகிறார்கள். அன்றைய கன்ட்ரி பதிவுகளில் டிரம்பெட் அரிது. பின்குரல் ஜூனின் அம்மா மேபெல்லும் கார்ட்டர் சகோதரிகளும். அதாவது, எழுதிய குடும்பமே பாடுகிறவனுக்குப் பின்னால் நிற்கிறது.

இனி தாளம், மதிப்பெண் இங்கேதான் இருக்கிறது. சரணத்தை நான்கு நான்காகத் தட்டி எண்ணிப்பாருங்கள், டிரம்பெட் நுழையும் இடங்களில் கணக்கு சறுக்கும். பல்லவிக்கு வந்ததும் ஒழுங்காக ஓடும். கார்டுகள் (chords, சேர்த்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) மூன்றே மூன்று. பாட்டு மொத்தமே இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் என்பதால், எந்த நொடியில் என்ன நடக்கிறது என்று ஒரு முழுப் பக்கத்துக்குக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், வைவாவில் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றும்.

வரிகளில் கணவன், மனைவி, ஊர், பாவம் எதுவும் கிடையாது. விழுகிறவர் கீழே போகப் போகத் தீ மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். ஆபத்து என்ன என்று பாட்டு சொல்வதில்லை. அதைச் சொல்லும் இடத்தில்தான் வாழ்க்கைக் கதையைக் கொண்டுவாருங்கள்: அப்போது கேஷுக்கும் திருமணம் ஆகியிருந்தது, ஜூனுக்கும் ஆகியிருந்தது, இருவரும் ஒரே குழுவில் ஊர் ஊராகப் பயணம், கேஷுக்கோ ஆம்ஃபெட்டமைன் என்ற போதை மாத்திரைப் பழக்கம் முற்றியிருந்தது. இருவருக்கும் விவாகரத்து ஆன பிறகு, 1968-ல் அவர்கள் திருமணம்.

வைவாவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “உண்மையில் எழுதியது யார்?” கேஷின் முதல் மனைவி விவியன் லிபர்ட்டோவின் நினைவுக்குறிப்பு 2007-ல், அவர் இறந்த பிறகு வந்தது. அதில் ஜூனுக்குப் பாட்டில் பங்கே இல்லை, எழுதியவர் கேஷ் என்கிறார். ஜூன் தரப்பு நேர் எதிர். நீங்கள் தீர்ப்பு சொல்லத் தேவையில்லை, ஆனால் இரண்டு தரப்புக்கும் அதில் என்ன வலி, என்ன நலன் என்று ஒரு வரியாவது சொல்லுங்கள், ஒரு பக்கத்தை மட்டும் ஒப்பித்தால் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்த கேள்விதான் எனக்குப் பிடித்தது: “இவ்வளவு ஆபத்தான விஷயத்துக்கு ஏன் இத்தனை உற்சாகமான இசை?” டிரம்பெட் ஒரு திருவிழாவையே கொண்டுவந்துவிடுவதால், விழுவதே சந்தோஷமாகத் தெரிகிறது, கேட்கிறவரும் கூடவே விழத் தயாராகிவிடுகிறார், ஈர்ப்பு வேலை செய்வதும் அப்படித்தானே என்றேன். அனிட்டா எச்சரிக்கிறார், கேஷ் கூப்பிடுகிறார் என்றும் சேர்த்துச் சொன்னேன். வெற்றிக்கு அது மட்டுமே காரணம் என்று நிரூபிக்க முடியாது, ஆனால் கேஷின் பதிவு அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை வெளியிடும் கன்ட்ரி பாட்டுப் பட்டியலில் 7 வாரம் முதலிடம், பொதுப் பட்டியலில் 17-ஆம் இடம் வரை போனது. கன்ட்ரி கேட்காதவர்களிடமும் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இந்த இரண்டாவது எண்ணைக் காட்டுங்கள், தேர்வாளர்கள் பெரும்பாலும் முதல் எண்ணைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள்.

வைவாவுக்கு இரண்டு பதிவுகளையும் போனில் இறக்கி எடுத்துப் போங்கள், போட்டுக் காட்டச் சொல்வார்கள், அங்கே நெட் கிடைக்காது.