அல்டோபிராண்டினி திருமணமும் பூசானின் நகலும்

ரோம் நகரின் எஸ்குவிலின் குன்றில் 1601-ல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட பழைய ரோமானியச் சுவரோவியம் ஒன்று, கர்தினால் பியெத்ரோ அல்டோபிராண்டினியின் உடைமையானதால், இன்றும் 'அல்டோபிராண்டினி திருமணம்' என்றே அழைக்கப்படுகிறது. மூல ஓவியம் 1818 முதல் வத்திக்கானில் இருக்கிறது; பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூசான் தீட்டியதாகக் கருதப்படும் நகல், ரோமின் டோரியா பாம்ஃபிலி காட்சிக்கூடத்தில் உள்ளது.

நடுவே கட்டிலில் வெண்ணிற ஆடையால் தலையை மூடி, நாணத்தோடு குனிந்திருக்கும் மணப்பெண்ணை, காதல் தெய்வமான வீனஸ் என்று பலர் கொள்ளும் பெண் தோளணைத்துத் தேற்றுகிறாள். அருகே குட்டையான தூணில் சாய்ந்திருப்பவள் சிப்பியில் நறுமணத் தைலத்தை ஊற்றுகிறாள். கட்டிலின் கால்மாட்டில், தலையில் இலைமாலை சூடிய இளைஞன் அரை உடலில் ஆடையின்றிக் காத்திருக்கிறான். அவனை மணமகன் என்பாரும், திருமணத் தெய்வமான ஹைமன் என்பாரும் உண்டு. தெய்வம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் அந்த அமர்வில் மனிதப் பதற்றம் சிறிதும் இல்லை.

எரிமலை வெடிப்பில் புதைந்து, பின்னர் பல பழைய சுவரோவியங்களை வெளிக்கொணர்ந்த ரோமானிய நகரமான ஹெர்குலேனியத்தில் முறையான அகழ்வு தொடங்கியதே 1738-ல்தான். ஆகவே 1624-ல் ரோமுக்கு வந்த பூசானின் தலைமுறைக்கு, பழைய ரோமானியர் வண்ணத்தை எப்படிக் கையாண்டனர் என்று நேரில் காட்டக்கூடிய ஓவியங்கள் மிகச் சிலவே இருந்தன. அவற்றுள் தலையாயது இது. உருவங்களை ஆழத்தில் அடுக்காமல் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரின் கையசைவையும் தெளிவாகப் பேச வைக்கும் முறை, பூசானின் பிற்கால ஓவியங்களிலும் காணக் கிடைக்கிறது.