பாங்காக்கில் ஒரு சோம்பல் நாள்

செங்கோட்டைக்காரர்களுக்கு ஆரியங்காவு தாண்டினாலே வெளியூர்தான். இந்த முறை கொச்சியில் விமானம் ஏறி பாங்காக் வரை வந்தாச்சு.

டூர் பட்டியலை ஓரங்கட்டிவிட்டு, காலையில் சாவ் பிரயா ஆற்றில் படகு ஏறினோம். வாட் போ கோயிலில் பள்ளிகொண்ட புத்தர் 46 மீட்டர் நீளம். ஓரிடத்தில் நின்று முழுசாகப் பார்க்க முடியாது. தூண்களுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் தரிசனம். உள்ளங்கால் முழுக்க முத்துச்சிப்பி இழைத்த 108 மங்கலச் சின்னங்கள். முதுகுப் பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காசு. வீட்டுக்காரி ஒன்றுவிடாமல் போட்டாள். எனக்குப் பாதியிலேயே சில்லறை தீர்ந்தது. "குற்றாலநாதர் உண்டியல்ல பத்து ரூபா போட யோசிக்கிற ஆளாச்சே நீங்க!" என்று ஒரு குத்து வேறு.

மதியம் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் மாம்பழமும். மாம்பழம் சுமார், சோறு பிரமாதம்.

அப்புறம் வாட் சுதாட் கோயில் எதிரே அந்தச் சிவப்பு ராட்சத ஊஞ்சல். பலகை இல்லை, தூண்கள் மட்டும்தான். 1935 வரை விழாவில் ஆடியிருக்கிறார்கள். அதே விழாவில் அரண்மனைப் பிராமணர்கள் ஓதுவது நம்ம திருவெம்பாவையாம்! உச்சரிப்பு மட்டும் ஊர் மாறிப்போச்சு. எந்த டூர்காரரும் இதைச் சொல்வதில்லை, அதுதான் கடுப்பு.

சிலோம் சாலை மாரியம்மன் கோயில் நாளைக்கு. இன்றைக்குக் கால் ஒத்துழைக்கவில்லை.