டைப்பிஸ்ட் அண்ணனுக்கு கல்லு வச்ச அனுபவம்

எங்க ஊரு தர்மபுரியில இருந்து பஸ்ல முக்கா மணி நேரம். கோர்ட் வாசல்ல டைப் அடிச்சிட்டு இருந்த அண்ணன் போன மாசியில தவறிட்டாரு. யாரையாவது ராத்திரி ஸ்டேஷனுக்கு கூட்டிட்டு போயிட்டாங்கன்னா வீட்டுக்காரங்க மொதல்ல இவர் கதவைத்தான் தட்டுவாங்க. பையில எப்பவும் லேமினேட் பண்ண ஒரு தாள் இருக்கும், ஒருத்தர கைது பண்ணா போலீஸ் என்னென்ன செய்யணும்னு டி.கே.பாசு வழக்குல சுப்ரீம் கோர்ட் 1996ல சொன்ன 11 விதி, தமிழ்ல அவரே அடிச்சது, மூலையெல்லாம் பிரிஞ்சி மஞ்சளாயிருக்கும். அதை டேபிள் மேல வச்சிட்டு "ஐயா, அரெஸ்ட் மெமோ போட்டாச்சுங்களா, சாட்சி கையெழுத்து யாருதுங்க"ன்னு மெதுவா கேப்பாரு. சத்தம் போட்டு நான் பாத்ததே இல்ல.

1992ல சந்தனக்கட்ட தேடறோம்னு வாச்சாத்தி மலை கிராமத்துக்குள்ள போயி ஜனங்கள கொடுமப்படுத்தின கேஸ்ல தீர்ப்பு வந்த அன்னிக்கு, 2011 செப்டம்பர் 29, தர்மபுரி கோர்ட்டு வெளிய காலையில இருந்து நின்னிருக்காரு. வனத்துறை, போலீஸ், ரெவின்யூன்னு 269 பேர் மேல கேஸ், அதுல 54 பேர் நடுவுலயே செத்துட்டாங்க, மிச்ச 215 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு. "19 வருஷம்பா"ன்னு மட்டும் சொல்லிட்டு பேசாம இருந்தாரு.

அவருக்கு ஏதாவது செய்யணும்னு நாங்க ஆறு பேரு சேந்தோம். மொதல்ல பஸ் ஸ்டாப்புல சிலைன்னு பேசினோம், ரோடு, நடைபாதை மாதிரி பொது எடத்துல புதுசா சிலைக்கு அனுமதி குடுக்கக் கூடாதுன்னு 2013லயே சுப்ரீம் கோர்ட் உத்தரவு இருக்குன்னு வக்கீல் தம்பி சொன்னதும் அத விட்டுட்டோம். அண்ணி வீட்டு காம்பவுண்டு செவுரு பஸ் ஸ்டாப்ப பாத்துதான் இருக்கு, அதுல ஒரு கல்லு பதிக்கலாம்னு முடிவாச்சி.

கல்லு தெறக்கற கூட்டத்துக்கு போலீஸ்ல பர்மிஷன் வாங்கறதுதான் பெரும்பாடு. மூணு தடவ திருப்பி அனுப்பினாங்க, ஒரு தடவ பேசறவங்க பேர் லிஸ்ட் இல்லன்னு, ஒரு தடவ ஐயா இல்லன்னு, இன்னொரு தடவ "போலீஸுக்கு எதிரா பேசுவீங்களா"ன்னு கேட்டு. இல்லைங்கய்யா, சட்டத்துல இருக்கறத மட்டும்தான் பேசுவோம்னு சொன்னேன், அப்ப எனக்கு வயிறு கலங்குச்சி, அண்ணன் இந்த எடத்துல எத்தன ராத்திரி தனியா நின்னிருப்பாருன்னு நெனச்சேன். இதுமாதிரி செய்யப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், மனு ரெண்டு காப்பி கொண்டு போங்க, ஒண்ணுல சீல் போட்டு வாங்கிக்கோங்க, எடம், நேரம், எத்தன பேரு, மைக்கு உண்டா எல்லாத்தையும் மனுவுலயே எழுதிடுங்க, கூம்பு ஸ்பீக்கர் வேணாம், பெட்டி ஸ்பீக்கர்னே எழுதுங்க. நாலாவது தடவ அந்த சீல் போட்ட காப்பிய காட்டினதும்தான் குடுத்தாங்க.

கல்லுல என்ன எழுதறதுன்னு ரெண்டு ராத்திரி சண்ட. படம் போடலாம்னு பசங்க. அண்ணி கேட்டுட்டே இருந்தவங்க, "அவரு மூஞ்சி எதுக்குப்பா, அந்தத் தாள்ல இருக்கறத போடுங்க"ன்னுட்டாங்க. ஆனா 11ம் கல்லுல கொள்ளாது, செதுக்கறவரு எழுத்துக்கு இவ்ளோன்னு காசு கேக்கறாரு. ஒவ்வொண்ணா கழிச்சி அஞ்சு நின்னுச்சி. புடிக்க வர்றவர் பேரும் பதவியும் தெரியற மாதிரி பேட்ஜ் போட்டிருக்கணும். தேதி நேரத்தோட மெமோ, சாட்சி கையெழுத்தோட. சொந்தக்காரங்க, நண்பர் ஒருத்தருக்காவது தகவல் சொல்லணும். 48 மணி நேரத்துக்கு ஒரு தடவ டாக்டர் பாக்கணும். விசாரணையப்போ வக்கீல பாக்க விடணும். 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்ங்கறது அந்த 11ல வராது, அது அரசியல் சட்டம் 22வது பிரிவு, ஆனா ஜனங்க மொதல்ல கேக்கறதே அதுதான், அதனால ஆறாவதா அதையும் சேத்தோம்.

அண்ணன் கடைசி வரைக்கும் மனு போட்ட இன்னொரு விஷயத்த கல்லுல எழுத முடியல. போலீஸ் மேல புகார் சொல்ல மாவட்டத்துக்கு ஒரு ஆணையம், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில வேணும்னு 2006ல பிரகாஷ் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட்டுல சொன்னாங்க, நம்ம மாநிலத்துல 2013ல வந்த சட்டம் கலெக்டரை தலைவரா போட்டு எஸ்பியையும் உள்ள வச்சிருச்சி. கூட்டத்துல வக்கீல் தம்பி இத விளக்கமா பேசினாரு.

டிசம்பர் 18, பாசு தீர்ப்பு வந்த தேதியிலயே தெறந்தோம். எம்பது பேரு இருக்கும். பந்தோபஸ்துக்கு வந்த சின்ன வயசு போலீஸ்காரர் ஒருத்தர் எல்லாரும் போனப்புறம் நின்னு ஆறு வரியும் படிச்சாரு. படிக்கத் தெரியாத ஒரு பாட்டி என் கையப் புடிச்சி, தகவல் சொல்லணும்ங்கற வரிய மட்டும் ரெண்டு தடவ படிக்கச் சொன்னாங்க.

எழுத்துல அடிச்ச வெள்ள பெயிண்ட் மழைக்கு லேசா உரியுது. பொங்கலுக்கு முன்னாடி தானே அடிக்கறேன்னு அண்ணி சொல்லிருக்காங்க.