ஒரு சொல்லோட ஒரு மாசம்

ஆகஸ்ட் 4, திங்கள்

எம்.ஏ. வரலாறு, மூணாவது செமஸ்டர் ஆரம்பிச்சாச்சு. மொத வகுப்புலயே மேம் ரெண்டு பக்க ஜெராக்ஸ் குடுத்து, போனெல்லாம் உள்ள வைங்க, இது எந்தக் காலத்துல எழுதினதுன்னு மட்டும் சொல்லுங்கப்பான்னுட்டு உக்காந்துட்டாங்க. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தன்னோட தொழுநோய் குணமானதுக்கு நன்றியா ரோம் நகரத்தையும் மேற்குப் பகுதி முழுசையும் போப் சில்வெஸ்டருக்கு எழுதி வைக்கிறார், அதான் விஷயம். நாங்க எல்லாருமே நாலாம் நூற்றாண்டுன்னு சொன்னோம். கான்ஸ்டன்டைன் காலம் அதுதானே, பத்திரமும் அப்படித்தானே சொல்லுது.

"பத்திரம் தன்னைப் பத்தி சொல்றத வச்சே பத்திரத்துக்கு வயசு சொல்லிட்டீங்களே"ன்னாங்க. போலியாம். எட்டாம் நூற்றாண்டு வாக்குல யாரோ எழுதினது. மூணு வருஷ டிகிரி, ஒரு வருஷ எம்.ஏ. முடிச்சு வந்திருக்கேன், அந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்ல. ரூமுக்கு வந்தும் அதையே நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

ஆகஸ்ட் 6, புதன்

காலைலேர்ந்து லைப்ரரி. இது போலின்னு 1440ல பிரிச்சு எழுதினவர் லொரென்சோ வல்லா. ஆளு லத்தீன் இலக்கணத்துல கரை கண்டவர். அவர் கைல எடுத்த ஆயுதமே சொல்தான். அந்தப் பத்திரத்துல ரோம் அரசோட பெரிய மனுஷங்க வரிசைல 'சத்ரப்'னு ஒரு சொல் வருது. அது பாரசீக மாகாண ஆளுநருக்கு உண்டான பேரு, ரோம்ல எப்படி வந்துச்சு? அதோட கான்ஸ்டான்டினோப்பிள் ஏற்கெனவே பெரிய திருச்சபைத் தலைமையிடம்ங்கிற மாதிரி எழுதியிருக்கு, ஆனா பத்திரம் சொல்ற அந்த நேரத்துல அப்படி ஒரு ஊரே எழும்பல, 330லதான் அதுக்கு திறப்பு விழாவே நடந்துச்சு.

படிக்கப் படிக்க உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு எனக்கு. பல நூறு வருஷமா பெரிய பெரிய ஆளுங்க முன்னால கிடந்த காகிதம், அதுல ஒரு சொல் இடத்துக்குப் பொருந்தலைன்னு ஒருத்தர் நின்னு பாத்திருக்கார், அவ்ளோதான்.

ஆகஸ்ட் 9, சனி

சித்தப்பா போன். இத படிச்சு என்னம்மா பண்ணப் போறன்னு கேட்டார். அன்பாத்தான் கேட்டார், எனக்குத்தான் பதில் வரல. வல்லா கதைய சொல்லலாம்னு ஆரம்பிச்சேன், பாதிலயே சிக்னல் போயிடுச்சு.

ஆகஸ்ட் 13, புதன்

இன்னிக்கு செமினார்ல பெரிய வாக்குவாதம். வல்லா அப்ப யார்கிட்ட வேலை பாத்தார்னா அரகோன் மன்னர் அல்போன்சோகிட்ட. அந்த மன்னருக்கும் போப்புக்கும் நேப்பிள்ஸ் விஷயத்துல தகராறு. அப்ப இவர் எஜமானுக்காக எழுதிக் குடுத்த ஆளுதானே, இத எப்படி ஆராய்ச்சின்னு சொல்றதுன்னு ஒருத்தன் கேட்டான். நல்ல கேள்வி. எனக்கு கோவம்தான் வந்துச்சு, என்னமோ நம்ம சொந்தக்காரர திட்டின மாதிரி. ஆனா யோசிச்சா அவருக்கு ஆதாயம் இருந்தது உண்மை, 'சத்ரப்' அங்க பொருந்தாததும் உண்மை. ஏன் தேடினார்ங்கிறது வேற, என்ன கண்டுபிடிச்சார்ங்கிறது வேற, மொதல்ல உள்ளதுக்கு பதில் சொன்னா ரெண்டாவதுக்கு சொன்னதா ஆகாது, இத சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கு குரலே நடுங்கிடுச்சு. அதே வல்லா 1448ல போப் ஐந்தாம் நிக்கோலஸ்கிட்டயே வேலைக்கு சேர்ந்திருக்கார், அத மேம் சொன்னப்ப ரெண்டு பக்கமும் அமைதி.

கட்டுரை முதல் வரைவும் திரும்பி வந்துச்சு. 'வரலாறு எப்பவும் ஜெயிச்சவங்க எழுதினது'ன்னு தொடங்கியிருந்தேன், மேம் அந்த வரிய பென்சிலால வட்டம் போட்டு, "அப்ப தோத்தவங்கள பத்தி நமக்கு எப்படி தெரியுது?"ன்னு எழுதியிருந்தாங்க. மெனோக்கியோன்னு கூப்பிட்ட ஒரு இத்தாலிய மாவு மில்காரர், பாலு உறைஞ்சு சீஸ் ஆகுற மாதிரி உலகம் கெட்டியாச்சு, அதுல புழு மாதிரி தேவதைங்க வந்தாங்கன்னு பேசினவர். 1584ல திருச்சபை விசாரணைக்கு இழுத்தாங்க, அப்பறம் திரும்ப பிடிச்சு கடைசில கொன்னுட்டாங்க. அவர் பேசினது நமக்கு கிடைச்சதே விசாரிச்ச அதிகாரிங்க வார்த்தை வார்த்தையா எழுதி வச்சதாலதான். அவர் வாயை மூட வந்தவங்க காகிதத்துலதான் அவர் குரல் இருக்கு. அந்த வரிய அடிச்சுட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சுவடி வாசிப்பு வகுப்பு. இது நானா கேட்டு எடுத்த பேப்பர். ஓலைல பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டாங்க, காலும் ரகரமும் ஒரே வடிவம், ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பு பிரிப்பு கிடையாது, சொல்லுக்கு நடுவுல இடமும் கிடையாது. 'கரமம'ன்னு இருந்தா அது காமமா கர்மமா? பாட்டோட பொருளும் சந்தமும் தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும், ஆனா எழுத்தை படிச்சாத்தானே பொருளே தெரியும், சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நிக்குது. ஒரு மணி நேரத்துல ரெண்டே வரிதான் முடிச்சேன்.

உ.வே.சா. ஞாபகம் வந்துச்சு. 1880 அக்டோபர் 21, சேலம் இராமசாமி முதலியாரைப் பாக்கப் போனப்ப அவருக்கு 25 வயசு, அந்தாதி, பிள்ளைத்தமிழ்னு படிச்சதெல்லாம் அடுக்குறார், முதலியார் சீவக சிந்தாமணி படிச்சதுண்டான்னு கேக்குறார். படிச்சதில்ல. அங்கேர்ந்து கிளம்பி, ஏடு ஏடா ஒப்பிட்டு, மூலம் எது உரை எதுன்னு பிரிக்க திண்டாடி, தனக்குத் தெரியாத சமண விஷயங்கள சமணர்கிட்டயே போய் கேட்டு 1887ல அச்சுல கொண்டு வர்றார். தெரியாதுன்னு ஒத்துக்கிட்ட அன்னிக்கும் புத்தகம் வந்த அன்னிக்கும் நடுவுல ஏழு வருஷம். நான் ரெண்டு வரிக்கு சலிச்சுக்கிறேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தப்பு பண்ணிட்டேன். கட்டுரைல வல்லாதான் முதன்முதல்ல சந்தேகப்பட்டவர்னு எழுதிட்டேன். பக்கத்து ரூம் அக்கா ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து படிச்சுப் பாத்துட்டு, கூசா ஊர் நிக்கோலஸ்னு ஒரு ஜெர்மன் திருச்சபை அறிஞர், அந்த போப் இல்ல, வேற ஆளு, 1433லயே இது நம்பத் தகுந்ததில்லன்னு எழுதிட்டாரேடின்னாங்க. அவர் வழி வேற, அந்தக் காலத்து நூல்கள்ல இப்படி ஒரு தானம் நடந்ததா பேச்சே இல்லங்கிறதப் பிடிச்சார். வல்லா மொழிய பிடிச்சார். 'முதன்முதல்ல'ங்கிற சொல்ல நான் ஒரு தடவ கூட சரி பாக்கல. ஒரு சொல்ல பத்தி முப்பது பக்கம் எழுதுறேன், என் சொல்ல நானே பாக்கலங்கிறது ரொம்ப வருத்தமா இருந்துச்சு. அக்கா டீ போட்டுக் குடுத்தாங்க, விடிய விடிய திருத்தினேன், இப்ப கட்டுரை முன்ன விட நல்லா இருக்கு, ரெண்டு பேரோட வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கட்டுரை குடுத்தாச்சு. சாயங்காலம் நானே சித்தப்பாவுக்கு போன் போட்டு விட்ட இடத்துலேர்ந்து கதைய முழுசா சொன்னேன். கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்பறம், "நம்ம தாத்தா கையெழுத்துல ஒரு பழைய பத்திரம் பீரோல கிடக்கு, யாருக்கும் படிக்க வரல, லீவுக்கு வர்றப்ப பாக்குறியா"ன்னார்.

சுவடில பத்து வரி முடிஞ்சிருக்கு. ஏழாவது வரில ஒரு சொல் இன்னும் பிடிபடல.